சிஎஃப்எல் பல்பு உடைந்துவிட்டது, வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. பரணில் இருக்கும் பழைய பல்புகளை எங்கே கொடுப்பது?

நூல்கண்டு, ஈரோடு

நேற்று சாயங்காலம் படுக்கையறையில் பழைய சுருள் சிஎஃப்எல்லைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டலாம் என்று மாமா ஸ்டூல் போட்டு ஏறினார். ஹோல்டர் ரொம்ப நாளாக இறுகிப் போயிருந்தது. அழுத்தித் திருப்பும்போது குழல் முறிந்து தரையில் விழுந்து சில்லுசில்லாகிவிட்டது. யாருக்கும் காயமில்லை. நான் வருவதற்குள் அத்தை விளக்குமாற்றால் கூட்டி அள்ளி சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார், வீட்டில் எது உடைந்தாலும் அப்படித்தானே செய்வோம்.

ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும் ஒரு அண்ணா ஒரு செய்தியை அனுப்பினார். உடைந்த பல்பில் இருப்பது பாதரசம், கொடிய விஷம், உடனே வீட்டை விட்டு வெளியேறணும், ஒரே ஒரு பல்பு ஒரு ஏரியைக் கெடுத்துவிடும், இப்படியே போகிறது. அதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. பையன் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறான், தரையில் எது கிடந்தாலும் எடுத்து வாயில் வைக்கிற பருவம். அவனை அந்த அறைக்குள் விடவே இல்லை. பல்பு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் கோரைப்பாய் விரித்திருந்தது, அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிகிறது. பக்கத்தில் மடித்து வைத்திருந்த அவன் போர்வையிலும் பட்டிருக்குமோ என்று சந்தேகம். அவற்றைத் துவைத்தால் போதுமா? தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்தால் சரியாகிவிடுமா?

இன்னொன்று. பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய சிஎஃப்எல், அதோடு நாலைந்து டியூப் லைட். குப்பை வண்டியில் வரும் அக்கா இதெல்லாம் வாங்க மாட்டேன், போன தடவை கையைக் கிழித்துவிட்டது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். காயலான் கடைக்காரர், கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட்டு அடிப்பகுதியை மட்டும் கொண்டு வாங்க, எடுத்துக்கிறேன் என்கிறார். பக்கத்து வீட்டில் தென்னை மரத்துக் குழியில் புதைத்துவிடு என்கிறார்கள். எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

மூலக்கூறு, தஞ்சாவூர்

அம்மா, அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அளவைச் சொல்கிறேன், அளவு தெரிந்தால்தான் எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம் என்று தெரியும். சாதாரண வீட்டு சிஎஃப்எல்லில் இருக்கும் பாதரசம் பொதுவாக 3 முதல் 5 மில்லிகிராம். வீடுகளில் முன்பு வைத்திருந்த கண்ணாடி தெர்மாமீட்டரில் அரை கிராமுக்குக் குறையாது. அதாவது ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால் வெளியே வருவது நூறு பல்பு உடைந்ததற்குச் சமம் அல்லது அதற்கும் மேல். அதனால் வீட்டைக் காலி பண்ணுகிற கதையெல்லாம் வேண்டாம். ஆனால் நம் ஊர்ப் பழைய பல்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011 வாக்கில் டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு இந்தியச் சந்தையில் விற்ற சிஎஃப்எல்களைச் சோதித்தபோது சராசரியே 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. 30 வாட்டுக்குக் குறைந்த பல்பில் 2.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2016 மின்கழிவு விதிகளில்தான் வந்தது. உங்கள் பல்பு எந்தக் காலத்தது என்று தெரியாது. ஆகவே அலட்சியமும் வேண்டாம், இன்றைக்கே ஒழுங்காகச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அந்தப் பல்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது புரிந்துவிடும். குழலுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயுவும் துளி பாதரச ஆவியும் இருக்கும். மின்சாரம் பாயும்போது பாதரச அணுக்கள் கிளர்ந்து கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடும், பெரும்பகுதி 254 நானோமீட்டர் அலைநீளத்தில். கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு நாம் பார்க்கும் வெளிச்சமாக மாற்றுகிறது. பல்பு எரிய எரிய, பாதரசத்தில் பெரும்பங்கு அந்தப் பொடியிலும் கண்ணாடியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் உடைந்த இடத்தில் வெள்ளி உருண்டையாக எதுவும் தெரியாது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடியே பாதரசம் அல்ல, ஆனால் பாதரசம் இருப்பது அதில்தான். ஆக, அந்தப் பொடியைக் கிளப்பாமல் எடுப்பதுதான் வேலை.

உடைந்தவுடன் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து பத்து நிமிடமாவது காற்றாட விட்டிருக்க வேண்டும், ஏசி ஓடினால் நிறுத்த வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டது, பரவாயில்லை, இப்போதும் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளிக்காற்று வருகிற பக்கத்தை மட்டும் திறந்தால் நல்லது. பொடி எடுத்து முடிக்கும்வரை மின்விசிறி போட வேண்டாம். கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கெட்டி அட்டை இரண்டை எடுத்து மீதிச் சில்லுகளைத் தள்ளி அள்ளுங்கள். அப்புறம் செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் நுண்ணிய சில்லும் பொடியும் வந்துவிடும். கடைசியாக ஈரக் காகிதத்தால் துடையுங்கள், டைல்ஸ் இணைப்புகளில் கொஞ்சம் கவனமாக. இதையெல்லாம் இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி வீட்டுக்கு வெளியே, குழந்தை கை படாத இடத்தில் வையுங்கள். பழைய ஊறுகாய் பாட்டில் போதும். பிளாஸ்டிக் பை மட்டும் என்றால் ஆவி மெல்லக் கசியும், கண்ணாடி பாட்டில் அதைவிட நல்லது. முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாக்வம் க்ளீனர் வைத்திருந்தால் பக்கத்திலேயே கொண்டு வர வேண்டாம், அது பொடியை உறிஞ்சி மறுபக்கம் காற்றில் ஊதிவிடும். விளக்குமாறும் இதே காரணத்தால்தான் கூடாது, பொடியைப் பரப்பிவிடும், தானும் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தையைக் குறை சொல்லாதீர்கள், பல்பு அட்டையில் இதைத் தமிழில் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த விளக்குமாற்றை மறுபடி வீட்டுக்குள் பயன்படுத்தாமல் கட்டி வெளியே வைத்துவிடுங்கள். சமையலறைக் குப்பைக்கூடையில் இருப்பதை இன்றைக்கே, இந்தப் பதிவைப் படித்த கையோடு, பையோடு தூக்கி இன்னொரு பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டு போங்கள்.

ஃபினாயில் பாதரசத்தை ஒன்றும் செய்யாது. போர்வையில் பொடியோ சில்லோ நேராகப் பட்டிருந்தால் துவைக்காதீர்கள். மெஷினில் போட்டால் சில்லு மற்ற துணிகளிலும் ஏறும், பாதரசம் சாக்கடைக்குப் போகும். அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த அறையில் தொங்கிக்கொண்டிருந்த, பொடி படாத துணிகளைத் துவைத்துக் கட்டிக்கொள்ளலாம், பயமில்லை. கோரைப்பாய்தான் கொஞ்சம் சிக்கல், பின்னலுக்குள் பொடி போய் உட்கார்ந்துவிடும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 2008இல் அறைக்குள் பல்புகளை உடைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் தரையைச் சுத்தம் செய்துவிட முடிந்தது, கம்பளத்திலோ சுத்தம் செய்த பிறகும் பாதரசம் தங்கியிருந்து, அதைக் கிளறும்போதெல்லாம் காற்றில் ஏறியது. குழந்தை படுக்கிற பாய் என்பதால், என் பேரனாக இருந்தால் அந்தப் பாயை விட்டுவிடச் சொல்வேன்.

பையனைப் பற்றி. உலோகப் பாதரசம் வயிற்றுக்குள் போனால் உடம்பு மிகக் கொஞ்சமே எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். மூச்சோடு போகும் ஆவிதான் வேறு மாதிரி, உள்ளே போவதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நுரையீரல் ரத்தத்தில் சேர்த்துவிடும், அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றோட்டம் என்கிறேன். குழந்தை தரையை ஒட்டி மூச்சு விடுகிறது, உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, எனவே சுத்தம் செய்து நன்றாகக் காற்றாடும்வரை அவனை அந்த அறைக்கு வெளியே வைத்திருப்பது சரிதான். ஒரு பல்பு உடைந்து, அவன் உள்ளே போகாமலும் இருந்தால் அவனுக்கு எதுவும் ஆகியிருக்காது. சொல்லப்போனால் கண்ணில் படாத கண்ணாடிச் சில்லு அவன் கையிலும் வாயிலும் போவதுதான் உடனடி ஆபத்து. டார்ச் அடித்துத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பாருங்கள், மின்னும்.

—

மெயின்சுவிட்ச், விருதுநகர்

சார் சொன்னது முழுக்கச் சரி. நான் வயரிங் வேலை. எனக்குச் சொல்ல இருப்பது அந்தக் காயலான் கடை விஷயம்.

அவர் ஏன் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கொண்டு வரச் சொல்கிறார் என்றால், அடிப்பகுதி பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கும், அதில் கொஞ்சம் செம்புக் கம்பி, கெப்பாசிட்டர், கீழே உலோக மூடி. அதற்குத்தான் காசு. கண்ணாடிக்குக் காசில்லை. நிறைய கடைகளில் பின்பக்கம் பையன்கள் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்கள், சுத்தியலால் ஒரு தட்டு, குழல் அந்தப் பக்கம், அடி இந்தப் பக்கம், மூடிய கொட்டகையில், முகத்துக்கு ஒரு துணிகூட இல்லாமல். உங்கள் வீட்டில் ஒரு பல்பு ஒரு தடவை உடைந்தது. அங்கே நாள் முழுக்க உடைகிறது, வாரம் முழுக்க உடைகிறது, அதே காற்றைத்தான் அந்தப் பையன் மூச்சு விடுகிறான். அதனால் தயவுசெய்து உடைத்தும் கொடுக்காதீர்கள், உடைக்கிறவரிடமும் கொடுக்காதீர்கள்.

டியூப் லைட் விஷயம் இதைவிட மோசம். பழைய தடி டியூபில் சிஎஃப்எல்லைவிட அதிகப் பாதரசம் இருக்கும். ஆபீஸ், மில், கல்யாண மண்டபம் என்று மொத்தமாக எல்இடிக்கு மாற்றும்போது கழற்றிய டியூப்களைக் கோணியில் போட்டு, இடம் அடைக்கிறது என்று மேலேயே கட்டையால் அடித்து நொறுக்கிக் கட்டுவதை எத்தனையோ சைட்டில் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் புகை மாதிரி பொடி எழும்பும். ஹெல்பர் பையன்தான் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். இப்போது என் கூட வேலை செய்கிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன், புது டியூப் வந்த அட்டை உறையிலேயே பழசைச் செருகி நிற்கவைத்துக் கட்டு, ஒன்றுகூட உடையக்கூடாது என்று. பெட்டி எப்படியும் கையில் இருக்கிறது, செலவே இல்லை.

கழற்றும்போது, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறேன், சுவிட்சை அணைத்து ஆறவிட்டுப் பிறகு கழற்றுங்கள். எரிந்து சூடாக இருக்கும் பல்பு உடைந்தால் உள்ளே ஆவி அதிகம் இருக்கும். சுருள் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பவே கூடாது, அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கைப் பிடித்து அழுத்தித் திருப்பணும். இறுகியிருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஹோல்டரின் மேல்மூடியைக் கழற்றி வயரோடு இறக்கிவிடலாம், எங்களைக் கூப்பிட்டால் ரெண்டு நிமிட வேலை. கீழே பழைய பெட்ஷீட்டோ செய்தித்தாளோ விரித்துக்கொண்டால் உடைந்தாலும் அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம்.

பரண் பெட்டியில் பழைய செம்பு சோக் கிடந்தால் அதைத் தாராளமாகக் காயலான் கடையில் போடுங்கள், அதில் பாதரசம் இல்லை, நல்ல காசும் கிடைக்கும். குண்டு பல்பிலும் பாதரசம் கிடையாது.

—

சோலைக்காடு, கொடைக்கானல்

காயலான் கடை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் நடந்தது இதுதான், பெரிய அளவில். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 80களில் இங்கே கொண்டு வந்து வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தார்கள். கடை இருந்த இடம் ஜனங்கள் நெருக்கமாக வாழும் இடம். அதற்கப்புறம்தான் ஆலை மூடப்பட்டது. ஆலைக்குப் பின்னால் பாம்பார் சோலைச் சரிவிலும் கழிவு போயிருந்தது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். வேலை செய்தவர்கள் நடையாய் நடந்து, 2016இல்தான் 591 பேருக்கு ஒப்பந்தப்படி இழப்பீடு வந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை அதற்கப்புறமும் இழுத்துக்கொண்டே போனது.

அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். தாங்கள் தொட்டுக்கொண்டிருந்தது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். உங்கள் ஊர்க் காயலான் கடைக்காரருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரிடம் போய் மெதுவாகச் சொல்லுங்கள் தங்கச்சி, திட்டாமல். பல்பு கொடுக்க மாட்டேன் என்பதோடு நிறுத்தாமல், ஏன் என்றும் சொல்லுங்கள்.

—

அனல்மேடு, மேட்டூர்

நல்ல திரி. ஒரு மறுகருத்து, சண்டைக்கு இல்லை.

இந்த மாதிரி ஃபார்வர்டு வந்தாலே பல பேர், சிஎஃப்எல் வந்ததே தப்பு, பழைய குண்டு பல்புதான் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் இருப்பது அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில். நிலக்கரியிலும் இயற்கையாகவே கொஞ்சம் பாதரசம் உண்டு, எரிக்கும்போது ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போகிறது. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 15 வாட் சிஎஃப்எல் தினம் 5 மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்கு 80 யூனிட்டுக்கு மேல் மிச்சம், அவ்வளவு நிலக்கரி எரியாமல் இருக்கிறது. 2009இல் மத்திய அரசு பச்சத் லேம்ப் யோஜனா என்று கொண்டுவந்து, குண்டு பல்பு விலையான 15 ரூபாய்க்கே சிஎஃப்எல் கொடுக்க ஏற்பாடு செய்தது இந்தக் கணக்கில்தான். கணக்கு தப்பில்லை. கோடிக்கணக்கில் வீட்டுக்குள் அனுப்பும்போதே, தீய்ந்த பிறகு எங்கே திரும்பி வரும் என்று வழி செய்யாததுதான் தப்பு. 2015இல் மலிவாக எல்இடி கொடுக்கும் உஜாலா திட்டம் வந்து எல்லோரும் எல்இடிக்கு மாறினார்கள், எல்இடியில் பாதரசம் கிடையாது, நல்லது. அந்தப் பழைய சிஎஃப்எல்தான் இப்போது ஒவ்வொரு வீட்டுப் பரணிலிருந்தும் இறங்குகிறது.

அதனால் ஒரு வீட்டு அம்மா ராத்திரி தூங்காமல் கவலைப்படுகிற மாதிரி இதை வைத்திருப்பதே அநியாயம் என்பது என் எண்ணம். விற்றவர்களும் உள்ளாட்சியும் செய்ய வேண்டிய வேலை இது.

—

வார்டுகுரல், கோயம்புத்தூர்

மேட்டூர் அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வீட்டு அபாயக் கழிவு என்று தனி வகை வைத்தார்கள், அதில் சிஎஃப்எல், டியூப் லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், காலாவதி மருந்து, பேட்டரி எல்லாம் பெயர் சொல்லியே இருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை மாதிரி இதையும் தனியாகக் கொடுப்பது நம் கடமை. வாங்கி வைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையமாவது அமைப்பது உள்ளாட்சியின் கடமை என்று அந்த விதிகள் சொன்னன. அதே வருஷம் வந்த மின்கழிவு விதிகள் பாதரச விளக்குகளையும் தங்கள் பட்டியலில் சேர்த்தன, அதன்படி தயாரிப்பாளர்தான் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பாளி ஆனார். 2023 ஏப்ரலிலிருந்து அவற்றின் இடத்தில் புதிய மின்கழிவு விதிகள் வந்துவிட்டன. கடையில் போய்க் கேட்டால் கையை விரிப்பார்கள், தெரியும். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்து கேட்பதற்கும் தயவு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் செய்ததைச் சொல்கிறேன், அப்படியே வேறு ஊரில் நடக்குமா என்றால் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். படிக்கட்டுக்குக் கீழே, வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமான இடத்தில் மூடி போட்ட ஒரு மரப்பெட்டி வைத்தோம். அடியில் தெர்மாகோல். ஒவ்வொருவரும் பல்பைப் பழைய அட்டையிலோ செய்தித்தாளிலோ சுற்றித்தான் வைக்க வேண்டும். உடைந்தது என்றால் மூடிய கண்ணாடி பாட்டிலில், மேலே "உடைந்த பல்பு, பாதரசம்" என்று எழுதி ஒட்டி. பெட்டி நிறைந்ததும் மறுசுழற்சி நிறுவனத்தைக் கூப்பிடுகிறோம். ஒரு வீட்டுக்காக அவர்கள் வண்டி அனுப்ப மாட்டார்கள், மொத்தமாக இருந்தால் வருகிறார்கள்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஆனால் இங்கே ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். கம்ப்யூட்டர், டிவி எடுக்கிற எல்லோரும் பாதரச விளக்கு எடுக்க மாட்டார்கள், அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். மூடிய அறைக்குள் குழலை நசுக்கி, காற்றை உறிஞ்சிக் கரி வடிகட்டி வழியாக விட்டு, கண்ணாடி, உலோகம், பொடி என்று தனித்தனியாகப் பிரிக்கும் இயந்திரம். பொடியைச் சூடாக்கி ஆவியாக்கிக் குளிரவைத்தால் பாதரசம் திரும்பக் கிடைக்கும். பொடியில் இட்ரியம், யூரோப்பியம் மாதிரி அரிய மண் தனிமங்களும் இருக்கின்றன. ஆகவே போனில் நேராகக் கேளுங்கள்: பாதரச விளக்கு எடுக்கிறீர்களா, எடுத்தால் எங்கே கொண்டு போய் என்ன செய்வீர்கள், ரசீது தருவீர்களா. பதில் மழுப்பலாக வந்தால் கொடுக்காதீர்கள். எங்களுக்கு முதலில் பேசிய ஒரு நிறுவனம் பல்பைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உடைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள், எடுத்துக்கொள்கிறோம் என்றது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

ஈரோட்டில் மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், வீட்டு அபாயக் கழிவை எந்த மையத்தில் வாங்குகிறீர்கள் என்று. வாயால் கேட்டால் தெரியாது என்று முடித்துவிடுவார்கள், மனுவாகக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அப்புறம் அந்தக் குப்பை வண்டி அக்காவிடம், நாங்கள் பல்பைக் குப்பையில் கலக்க மாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் கையைக் கிழித்தது யாரோ பாலித்தீன் பையில் போட்ட பல்பாகத்தான் இருக்கும்.

—

நூல்கண்டு, ஈரோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காலையிலேயே குப்பைக்கூடைப் பையை வெளியே எடுத்துவிட்டேன். அட்டை, டேப், ஈரக் காகிதம் என்று சார் சொன்ன மாதிரியே செய்தோம், டார்ச் அடித்துப் பார்த்ததில் கட்டிலுக்கு அடியில் இன்னும் சில்லுகள் மின்னின. இதைப் படித்துக் காட்டியதும் அத்தையே பாயையும் போர்வையையும் தனியாகக் கட்டி வெளியே வைத்துவிட்டார்.

ரெண்டு சந்தேகம் பாக்கி. அந்த வாசனையை நானும் மூச்சு விட்டிருப்பேன், பையனுக்கு இன்னும் தாய்ப்பால்தான், நிறுத்த வேண்டுமா? தென்னை மரத்துக் குழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அம்மா இன்றைக்கும் அதையே சொல்கிறார், மண்ணில் போனால் மண்ணோடு போய்விடும் என்று.

—

மூலக்கூறு, தஞ்சாவூர்

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். நேற்று நீங்கள் மூச்சில் இழுத்திருக்கக்கூடியது மிக மிகக் கொஞ்சம், பாலை நிறுத்துவதால்தான் அவனுக்கு நஷ்டம். பாதரச ஆவிக்கு வாசனையும் கிடையாது, நீங்கள் முகர்ந்தது வேறு எதுவாகவோ இருக்கும். மனசு கேட்கவில்லை என்றால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குழி விஷயத்தில் அந்த அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பாதரசம் ஒரு தனிமம். காய்கறித் தோல் மாதிரி மக்கி வேறொன்றாக ஆவதற்கு அதில் ஒன்றுமே இல்லை, எத்தனை வருஷம் ஆனாலும் பாதரசமாகத்தான் இருக்கும். மண்ணிலிருந்து கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மழையோடு ஓடையில் சேரும். சேறும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதுதான் ரொம்ப மோசமான வடிவம். பல்பிலிருந்து வருவதை வயிறு எடுத்துக்கொள்ளாது என்றேன் அல்லவா, இதை எடுத்துக்கொள்ளும், ஏறக்குறைய முழுசாக. பாசியிலிருந்து சின்ன மீன், சின்ன மீனிலிருந்து பெரிய மீன் என்று ஏற ஏறச் செறிவு கூடிக்கொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை தன் கழிவை வளைகுடாவில் விட்டது. அந்த மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, பார்வை சுருங்கியது, தாய்க்கு வெளியில் ஒன்றும் தெரியாமலே பிள்ளைகள் மூளை பாதித்துப் பிறந்தன. 1956இல்தான் அந்த நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. அது ஆலைக் கழிவு, உங்கள் பல்புகளோடு அளவில் ஒப்பிடவே முடியாது. ஆனால் ஊரில் எல்லா வீடும் ஒரு குழி தோண்டினால் சேரும் இடம் அதே தண்ணீர்தான்.

அந்த ஊர்ப் பெயரிலேயே 2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்த ஒரு உலக ஒப்பந்தம் வந்தது, 2018இல் இந்தியாவும் உறுதி செய்து சேர்ந்தது. சோக்கும் குழலும் ஒன்றாக இருக்கும் நம் வீட்டு சிஎஃப்எல்லின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025க்குள் நிறுத்துவது என்று அதில் 2022இல் முடிவெடுத்தார்கள், அடுத்த ஆண்டே டியூப் லைட்டுக்கும் 2027க்குள் என்று கெடு வைத்தார்கள். புதிதாக வருவது நின்றுவிடும். நின்ற பிறகும் பரண்களில் இருப்பது இருக்கும், கொடுத்தனுப்பும்வரை உடையாமல் வையுங்கள்.

—

மெயின்சுவிட்ச், விருதுநகர்

அக்கா, அந்தப் பெட்டியை நீங்கள் இறக்காதீர்கள். பரணில் வெயில் காலத்துச் சூட்டில் அட்டைப்பெட்டியின் அடி உளுத்துப் போயிருக்கும், தூக்கும்போது அடி விட்டுவிடும். மாமாவும் இன்னொருவருமாகச் சேர்ந்து, முதலில் டியூப்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி இறக்கட்டும், அப்புறம் பல்புகள், கடைசியில் காலிப் பெட்டி. கீழே ஒரு புதுப் பெட்டி தயாராக இருக்கட்டும். மளிகைக் கடையில் முட்டை அட்டை கேட்டு வாங்குங்கள், சிஎஃப்எல் அதில் அசையாமல் உட்காரும். டியூப்களைத் துணியில் சுற்றிச் சுவர் மூலையில் நிற்கவைத்துக் கயிறு கட்டிவிடுங்கள், பையன் பிடித்து நிற்க ஆரம்பிக்கிற வயசு. மேலே பெரிதாக "பாதரசம், உடைக்காதே" என்று எழுதி ஒட்டிவிட்டால் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும்.

மாநகராட்சியில் என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள், எங்கள் ஊரிலும் இதே மனுவைக் கொடுக்கப் போகிறேன்.